5000 லிட்டர் கலவைக் கலன்: 304-ஆ, 316எல்-ஆ, எத்தனை மி.மீ.?

புதுவயல் தொக்குக்காரர்

எல்லோருக்கும் வணக்கம். புதுவயல் பக்கம் புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, பூண்டுத் தொக்கு செய்யும் சிறிய ஆலை நடத்துகிறோம். இதுவரை 500 லிட்டர் சட்டிகளில்தான் வேலை. ஆர்டர் கூடிவிட்டதால், நீராவி ஜாக்கெட்டும் (சுவரைச் சுற்றி நீராவி ஓடும் வெளியுறை) உள்ளே சுற்றும் அஜிடேட்டரும் (கலக்கி) வைத்து 5000 லிட்டரில் ஒரே கலனாகச் செய்யலாம் என்று மூன்று இடத்தில் கொட்டேஷன் கேட்டேன். மூன்றும் மூன்று திசையில் இருக்கின்றன.

முதல் பட்டறை: துருப்பிடிக்காத எஃகில் (எஸ்எஸ்) 304 ரகம், உள்சுவர் 6 மி.மீ., ஜாக்கெட் சாதா இரும்புத் (எம்எஸ்) தகட்டில். இரண்டாவது: 316எல், 10 மி.மீ., ஜாக்கெட்டும் எஸ்எஸ். மூன்றாவது: 316எல், 6 மி.மீ., ஜாக்கெட்டுக்குப் பதில் லிம்பெட் காயில் (சுவரைச் சுற்றி வெல்டு செய்த அரைக் குழாய்). முதல் இரண்டு பேரும் கிலோவுக்கு இவ்வளவு என்று விலை போட்டிருக்கிறார்கள். வரைபடம் யாரும் தரவில்லை. எங்கள் பாய்லர் 3 பார் அழுத்தத்தில் ஓடுகிறது. எதை எடுப்பது?

திருமயம் ஃபேப்ரிகேஷன்

மூன்றையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். வரைபடம் இல்லாமல் கிலோ ரேட்டில் கலன் வாங்கக் கூடாது. கிலோ ரேட் என்றால் தகடு கனக்கக் கனக்கச் செய்பவருக்கு லாபம். வெல்டு சுத்தமாக இருக்கிறதா, டிஷ் எண்ட் (கிண்ணம்போல் வளைந்த அடிப்பகுதி) சரியான வளைவில் வந்ததா என்பதெல்லாம் அந்த விலைக்குள் வரவே வராது. எங்கள் பக்கம் பிஎச்இஎல் பைப்பிங் ஆலை வந்தபிறகு வரைபடம் பார்த்து வேலை செய்யும் கைகள் நிறையப் பேர் உருவாகியிருக்கிறார்கள். கேட்டால் வரைபடம் போட்டுத் தருவார்கள், கேளுங்கள்.

முதல் கேள்வி. 5000 லிட்டர் என்பது நீங்கள் ஒரு தடவையில் இறக்கும் சரக்கா, விளிம்புவரை நிரம்பும் கொள்ளளவா? தொக்கு கொதிக்கும்போது பொங்கித் தெறிக்கும். மேலே ஆறில் ஒரு பங்காவது காலியாக இருக்க வேண்டும். 5000 லிட்டர் சரக்கு என்றால் மொத்தம் 6000 லிட்டர். உள்விட்டம் 1900 மி.மீ., நேர்ச்சுவர் உயரம் 1900 மி.மீ., அடியில் டிஷ் எண்ட் என்று வைத்தால் சுவர்ப் பகுதி சுமார் 5390 லிட்டர், டிஷ் சுமார் 690 லிட்டர், கணக்கு சரியாக வரும். உங்கள் மூன்று கொட்டேஷனிலும் விட்டம் என்ன போட்டிருக்கிறது?

இரண்டாவது, உப்பு எவ்வளவு, எந்தக் கட்டத்தில் போடுகிறீர்கள்? மூன்றாவது, எண்ணெய் எப்போது சேர்கிறது? நான்காவது, எவ்வளவு கெட்டியாகும்வரை சுண்ட விடுகிறீர்கள்? இவை தெரியாமல் யார் மி.மீ. சொன்னாலும் அது ஊகம்தான்.

புதுவயல் தொக்குக்காரர்

நன்றி அண்ணே. விட்டம் ஒருவர்கூடப் போடவில்லை, "5000 லி" என்று மட்டும்தான் இருக்கிறது. எனக்குத் தேவை 5000 லிட்டர் சரக்கு. புளிக்கரைசல் முதலில் கொதிக்கும், அப்போதே கல்லுப்பு கொட்டுவோம். பிறகு மிளகாய்த்தூள், வெல்லம், கடைசியில் தாளித்த நல்லெண்ணெய். கரண்டியில் எடுத்தால் வழியாமல் நிற்கிற பதம்.

தேவகோட்டை லேத்

நான் பல வருடமாக நெல் ஊறல் தொட்டி, அவியல் தொட்டி செய்துகொண்டிருக்கிறேன். புதுவயல் ரைஸ் மில்களிலேயே நம் கைவேலை நிற்கிறது. எல்லாம் 304, ஒன்றும் ஆகவில்லை. 316 என்பது தேவையில்லாத செலவு. அந்தக் காசுக்கு நல்ல கியர்பாக்ஸ் வாங்கலாம் என்பது என் கருத்து.

அரிப்பியல் படிப்பவள்

தேவகோட்டை அண்ணன் சொல்வது நெல்லுக்குச் சரி. நெல் தொட்டியில் இருப்பது வெறும் வெந்நீர். இங்கே இருப்பது புளியின் டார்டாரிக் அமிலம், கல்லுப்பின் குளோரைடு, 100 டிகிரிக்கு மேல் சூடு, மூன்றும் ஒன்றாக.

எஸ்எஸ் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதன் மேல் குரோமியம் ஆக்சைடாகப் படர்ந்திருக்கும் மிக மெல்லிய படலம். குளோரைடு அந்தப் படலத்தை ஏதாவது ஒரு புள்ளியில் உடைக்கும். உடைந்த புள்ளிக்குள் அமிலத்தன்மை ஏறிக்கொண்டே போகும், ஊசிக்குத்து மாதிரி குழி உள்ளே இறங்கும். மேலே பார்த்தால் கடுகளவுதான் தெரியும். 304-இல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். 316-இல் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, குழி விழுவதைத் தடுப்பதில் அதன் பங்கு பெரியது. எல் என்ற எழுத்து கார்பன் 0.03 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பதற்காக. கார்பன் அதிகமானால் வெல்டு ஓரத்தில் 450 முதல் 850 டிகிரிவரை சூடாகும் பட்டையில் குரோமியம் கார்பைடாகப் பிரிந்து, அந்த ஓரமே முதலில் அரிக்கும்.

ஆனால் 316எல் போட்டுவிட்டால் கவலை தீர்ந்தது என்றும் நினைக்காதீர்கள். 60 டிகிரிக்கு மேல் குளோரைடும், வெல்டு போட்ட இழுவிசையும் சேர்ந்தால் இந்த இரண்டு ரகத்திலுமே விரிசல் வரலாம். அந்த விரிசலைத் தாங்க 2205 டூப்ளெக்ஸ் என்ற எஃகு ரகம் இன்னும் பலமானது. உங்கள் விஷயத்தில் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. கல்லுப்பைக் கலனுக்குள் கொட்டாதீர்கள். கரையாத உப்பு அடியில் போய்ப் படிந்து கிடக்கும் இடத்தில்தான் குழி விழும். தனியாகக் கரைத்து வடிகட்டி, அஜிடேட்டர் சுற்றிக்கொண்டிருக்கும்போது, கடைசிக் கட்டத்தில் விடுங்கள். வேலை முடிந்ததும் உடனே கழுவுங்கள். இரவெல்லாம் ஒட்டிக் காயும் தொக்குதான் கொதிக்கும் தொக்கைவிட மோசம்.

அரிப்பு ஆராய்ச்சிக்குப் பேர்போன மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட இடம். உங்கள் தொக்கில் 304 துண்டையும் 316எல் துண்டையும் போட்டுச் சோதிக்க முடியுமா என்று அங்கே ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். தகடு வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

தேவகோட்டை லேத்

விளக்கத்துக்கு நன்றிம்மா. சரி, தொக்கு தொடும் பகுதிக்கு 316எல் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜாக்கெட், லக் (கலனைத் தாங்கும் காது), கால், மேல் பாலம் எல்லாம் 316 போடச் சொல்வார்கள், அதற்கு ஏமாறாதீர்கள். ஜாக்கெட்டுக்கு 304 போதும். எம்எஸ் ஜாக்கெட் மட்டும் வேண்டாம். எஸ்எஸ் சூட்டில் விரிவது அதிகம், எம்எஸ் குறைவு. 1900 உயரத்தில், 120 டிகிரி சூடேறும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வரும். தினமும் சூடேறிக் குளிர்ந்தால் ஜாக்கெட்டைச் சுவரோடு மூடும் வளையத்தின் வெல்டுதான் அதைச் சுமக்கும்.

இன்னொன்று. காந்தம் ஒட்டவில்லை, அதனால் 316 என்று யாராவது சொன்னால் கடையை விட்டு வெளியே வாருங்கள். 304-உம் ஒட்டாது, மாங்கனீசு கலந்த மலிவான 200 வரிசையும் ஒட்டாது. மாலிப்டினம் சொட்டுச் சோதனை போடுங்கள், அல்லது உலோகக் கலவையைக் காட்டும் எக்ஸ்ரே துப்பாக்கி வாடகைக்கு எடுங்கள். அந்தத் துப்பாக்கிகூடக் கார்பனைக் காட்டாது. அதற்கு தகட்டு ஆலை தரும் மில் சர்ட்டிபிகேட்டில் உள்ள ஹீட் நம்பரும் (உருக்கிய தொகுதியின் எண்) தகட்டில் அடித்த ஹீட் நம்பரும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். தகட்டை வெட்டிய பிறகும் ஒவ்வொரு துண்டிலும் அந்த நம்பரை எழுதச் சொல்லுங்கள்.

திருமயம் ஃபேப்ரிகேஷன்

இப்போது தகட்டுக் கனம். எல்லோரும் தடுமாறும் இடம் இது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

3 பார் நீராவி கலனுக்கு உள்ளே இருந்தால் 1900 விட்டத்துக்கு 3 மி.மீ. சுவரே கணக்கில் தாங்கிவிடும். ஆனால் ஜாக்கெட் வைத்தால் நீராவி உள்சுவரை வெளியிலிருந்து உள்ளே அமுக்குகிறது. உள்ளிருந்து ஊதும் அழுத்தத்தில் தகடு இழுபடும், எஃகு அதற்குப் பலசாலி. வெளியிலிருந்து அமுக்கினால் சுவர் ஒரு கட்டத்தில் திடீரென்று உள்ளே மடங்கும். 1900 விட்டம், 1900 உயரம், நடுவில் வலுவூட்டும் வளையம் இல்லை, மூன்று மடங்கு பாதுகாப்பு என்று வைத்துப் போட்ட தோராயக் கணக்கில் சுவர் தாங்கும் வெளியழுத்தம்: 10 மி.மீ.க்கு 3.3 பார், 8 மி.மீ.க்கு 1.9 பார், 6 மி.மீ.க்கு 0.9 பார். அழுத்தக் கலன்களுக்கான அமெரிக்க விதிநூல் ஏஎஸ்எம்ஈ செக்‌ஷன் 8 சார்ட்டில் பார்த்தால் எஸ்எஸ்ஸுக்கு இன்னும் குறைவாகத்தான் வரும்.

ஆகவே உங்கள் முதல் கொட்டேஷன், 6 மி.மீ. சுவரைச் சுற்றி 3 பார் ஜாக்கெட், ஆபத்தானது. அதை இன்றே கிழித்துப் போடுங்கள். இரண்டாவது 10 மி.மீ. விளிம்பில் நிற்கிறது. மூன்றாவது 6 மி.மீ. லிம்பெட் காயில் கேட்பதற்கு மெல்லியதாக இருந்தாலும் அர்த்தம் உள்ளது, ஏனென்றால் அரைக் குழாய் சுற்றியிருக்கும் பட்டையில் மட்டும்தான் அழுத்தம், அந்தக் குழாயே சுவருக்கு வளையமாகவும் நிற்கிறது. ஆனால் அதில் வெல்டு நீளம் எக்கச்சக்கம், சுவர் நெளியும், ஆங்கருக்கும் (சுவரை ஒட்டிச் சுற்றும் நங்கூர வடிவ அஜிடேட்டர்) சுவருக்கும் உள்ள இடைவெளி கெட்டுப்போகும். உங்கள் பாகு சுவரைச் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டிய பாகு. அதனால் எனக்கு இங்கே சாதா ஜாக்கெட்தான் பிடிக்கும்.

உங்களுக்கு 3 பாரும் தேவையில்லை. 3 பாரில் நீராவி 143 டிகிரி. வெல்லமும் புளியும் அந்தச் சுவரில் கருகும். ரெடியூசிங் வால்வு வைத்து 1.5 பாருக்கு இறக்கினால் 127 டிகிரி, தொக்குக்கு அதுவே தாராளம். வால்வு பழுதானாலும் ஜாக்கெட்டுக்குள் 2 பாருக்கு மேல் ஏறாதபடி அதற்குப் பிறகு ஒரு சேஃப்டி வால்வு கட்டாயம். ஜாக்கெட்டை 2 பாருக்கு வடிவமைக்கச் சொல்லுங்கள்.

கோட்டையூர் ஆச்சி

தம்பி, நான் பலகாரமும் தொக்கும் நெடுநாளாகப் போட்டு விற்பவள். இயந்திரம் எனக்குத் தெரியாது, பதம் தெரியும். அதனால் ஒன்று கேட்கிறேன். 500 லிட்டர் சட்டியில் உனக்கு எவ்வளவு நேரம் ஆகிறதோ அதே நேரத்தில் 5000 லிட்டர் சுண்டுமா? சுண்டாவிட்டால் அவ்வளவு நேரமும் மிளகாய்த்தூள் கொதித்துக்கொண்டே இருக்கும். நிறம் கருத்துவிடும், வாசம் ஓடிவிடும். வாடிக்கைக்காரர் முதல் பாட்டிலிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

திருமயம் ஃபேப்ரிகேஷன்

ஆச்சி கேட்டதுதான் இந்த இழையிலேயே பெரிய கேள்வி. ஒரே வடிவத்தில் கலனைப் பெரிதாக்கினால் கொள்ளளவு 10 மடங்கு ஆகும்போது சூடேறும் சுவரின் பரப்பு 4.6 மடங்குதான் கூடும். அதாவது ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் சுவர் பாதிக்கும் கீழே. அதே சூட்டில் நேரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். நீராவி அழுத்தத்தை ஏற்றி ஈடுகட்டப் பார்த்தால் சுவரில் கருகும்.

5000 ஒன்றுக்குப் பதில் 2500 இரண்டு வைத்தால் மொத்தப் பரப்பு சுமார் 26 சதவீதம் கூடும். இன்னொரு லாபமும் உண்டு. 2500 லிட்டர் சரக்குக்கு உள்விட்டம் 1500, நேர்ச்சுவர் 1500, அடியில் டிஷ் எண்ட், மொத்தம் 3000 லிட்டர். தகடு 1500 அகலத்திலேயே வருகிறது. 8 மி.மீ. என்றால் சுற்றளவு 4737 மி.மீ., ஒரு 6 மீட்டர் தகட்டில் ஒரே வளையமாக உருட்டிவிடலாம். நெடுக்கு வெல்டு ஒன்று, சுவரின் நடுவே குறுக்கு வெல்டு இல்லை. மேலே சொன்ன அதே தோராயக் கணக்கில் 8 மி.மீ. சுவர் 3.4 பார் வருகிறது. 2 பார் ஜாக்கெட்டுக்கு நிம்மதி.

கியர்பாக்ஸ் கோவை

(அம்மா ஊர் பள்ளத்தூர், அந்த உரிமையில் வருகிறேன்.) இரண்டு கலன் என்றால் இரண்டு மோட்டார், இரண்டு கியர்பாக்ஸ், இரண்டு சீல், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் இரண்டுக்கே என் ஓட்டு. ஒன்று பழுதானால் மற்றொன்று ஓடும்.

தண்ணீர் மாதிரியான திரவத்தில் அஜிடேட்டர் வேகத்தை இரட்டித்தால் பவர் 8 மடங்கு, விட்டத்தை இரட்டித்தால் 32 மடங்கு. உங்கள் தொக்கு மாதிரி கெட்டிப் பாகில் அந்தக் கணக்கு மாறும். வேகத்துக்கு 4 மடங்கு, விட்டத்துக்கு 8 மடங்கு, அதோடு பாகு எத்தனை மடங்கு கெட்டியாகிறதோ பவரும் அத்தனை மடங்கு கூடும். நீங்கள் ஆரம்பிப்பது தண்ணீர் பதம், முடிப்பது களிப் பதம். மோட்டாரை முடிவுப் பதத்துக்குத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கரண்ட் போய், பாகு ஆறி இறுகிய பிறகு மறுபடி கிளப்ப வேண்டிய நேரம் அதைவிடக் கடினம்.

5.5 கிலோவாட் மோட்டார் 1440 சுற்றில் தரும் முறுக்கு 36 நியூட்டன் மீட்டர். கியர்பாக்ஸ் வழியாக 25 சுற்றுக்கு இறக்கினால் அதே பவரில் 2100. ஷாஃப்டைத் திருகப் போவது இந்த 2100தான். முறுக்கை மட்டும் பார்த்தாலே 65 மி.மீ. ஷாஃப்ட் வேண்டும், வளைவையும் சேர்த்தால் 80 பக்கம் போகும். கொட்டேஷனில் 50 மி.மீ. போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். ஆங்கர் கைகளில் டெஃப்லான் சுரண்டி இருக்க வேண்டும், அது டிஷ் எண்டின் வளைவையும் தொட்டுப் போக வேண்டும். மோட்டாரின் பாரம் மேல்மூடித் தகட்டில் இறங்கக் கூடாது, குறுக்குப் பாலம் வழியாகச் சுவருக்கு இறங்க வேண்டும். வேகத்தை மாற்ற விஎஃப்டி வையுங்கள். தடுப்புத் தகடு வேண்டாம், சுரண்டிக்கு இடைஞ்சல்.

துவாக்குடி வெல்டர்

வெல்டைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

316எல் தகட்டுக்கு 316எல் ஃபில்லர் கம்பி. எஸ்எஸ்ஸில் எம்எஸ் லக் ஒட்டும் இடத்தில் 309எல். ரூட் பாஸ் (முதல் அடி வெல்டு) டிக் முறையில்தான் போட வேண்டும், பின்பக்கம் ஆர்கான் வாயுவை நிரப்பிப் பர்ஜிங் கொடுத்து. பர்ஜிங் இல்லாமல் போட்ட ரூட் உள்பக்கம் கருத்து, சர்க்கரை கருகிய மாதிரி சொரசொரப்பாக நிற்கும். தொக்கும் கிருமியும் தங்க அதைவிட நல்ல இடம் கிடையாது, அரிப்பும் அங்கேதான் தொடங்கும். ஒரு பாஸ் முடிந்ததும் தகடு 150 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகுதான் அடுத்தது. அவசரப்படுத்தாதீர்கள். எம்எஸ் வேலைக்கு ஓட்டிய கிரைண்டிங் வீல், கம்பி பிரஷ் எதுவும் எஸ்எஸ்ஸைத் தொடக் கூடாது, தொட்டால் அந்த இரும்புத்தூளே துருவாகப் பூக்கும். உள்வெல்டைச் சமமாகத் தேய்த்து, சொரசொரப்பு (ஆர்ஏ) 0.8 மைக்ரான் வரும்வரை பாலிஷ். அதன்பின் வெல்டுக் கருப்பை நீக்கும் பிக்ளிங் பேஸ்ட், பாதுகாப்புப் படலத்தை மீட்கும் பாசிவேஷன்.

அந்தப் பேஸ்ட்டில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கிறது. தோலில் பட்டால் முதலில் வலிக்காது, எலும்புவரை இறங்கும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் பக்கத்தில் இல்லாத பட்டறையில் அந்த டப்பாவைத் திறக்கவே கூடாது. கழுவிய தண்ணீரைச் சுண்ணாம்பு போட்டு முறித்து, முறையாகக் கழிவில் சேர்க்க வேண்டும். நம் ஊர்களில் வாய்க்கால் ஊருணியில் போய் முடிகிறது.

இன்னும் முக்கியமானது ஒன்று. ஆர்கான் காற்றைவிடக் கனமானது, 1.38 மடங்கு. கலனுக்குள் பர்ஜிங் கொடுத்தால் அடியில் தேங்கும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. உள்ளே குனிந்து வெல்டு பார்க்கப் போனவர் மூச்சுத் திணறலே உணராமல் சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் சாய்வார். ஆக்சிஜன் மீட்டர் 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் யாரும் இறங்கக் கூடாது. புளோயர் ஓட வேண்டும், மேன்ஹோல் வாயில் ஓர் ஆள் நிற்க வேண்டும், இறங்குபவர் இடுப்பில் கயிறு வேண்டும். கொட்டேஷன் ஒப்பிடும்போது பட்டறைக்கு நேரில் போய் இந்த மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அங்கே கொடுக்காதீர்கள். உங்கள் கலனுக்காக ஒரு பையன் சாகக் கூடாது.

அரிப்பியல் படிப்பவள்

மேலே சொன்னதற்கு என் நன்றி. ஹைட்ரோ டெஸ்ட் பற்றியும் சேர்த்துக்கொள்கிறேன். 2 பார் ஜாக்கெட்டுக்கு 1.3 மடங்கு, அதாவது 2.6 பாரில் தண்ணீர் ஏற்றிச் சோதிப்பார்கள். பட்டறை போர்வெல் தண்ணீரை அப்படியே பிடித்து ஏற்றாதீர்கள். எஸ்எஸ்ஸுக்கு 50 பிபிஎம் குளோரைடுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான வரம்பு, நம் பக்கத்துப் போர்வெல் பலவற்றில் அதைவிடக் கூட. தெரிந்த இடம் ஒன்றில் சோதனைத் தண்ணீரை வடிக்காமல் ஜாக்கெட்டிலேயே விட்டுவிட்டு, ஓடத் தொடங்கும் முன்பே குழி விழுந்து ஒழுகியது. தண்ணீரை லேபில் கொடுத்துப் பாருங்கள், சோதனை முடிந்ததும் முழுக்க வடித்துக் காற்றடித்துக் காய வையுங்கள்.

தேவகோட்டை லேத்

வாசலையும் அளந்துவிடுங்கள். சாலையில் வண்டியின் அகலம் 2.6 மீட்டர்தான் அனுமதி. 1900 விட்டத்தில் ஜாக்கெட், இன்சுலேஷன், லக் எல்லாம் சேர்ந்தால் அந்த வரம்பை உரசும். 1500 என்றால் சாதாரண லாரியில் வந்துவிடும், ஹைட்ரா கிரேன் வைத்து இறக்கிவிடலாம்.

கோட்டையூர் ஆச்சி

அடியில் வடியும் வாய் பெரிதாக இருக்கட்டும் தம்பி. கலனின் அடியோடு அடியாக இருக்க வேண்டும். நடுவில் குழாய்த்துண்டு நீட்டிக்கொண்டிருந்தால் அதில் நிற்கும் தொக்கு மறுநாள் புளித்த வாடை அடிக்கும்.

புதுவயல் தொக்குக்காரர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஆச்சிக்கு முதலில். முடிவு இது: 2500 லிட்டர் சரக்குக் கலன் ஒன்று இப்போது, இரண்டாவதுக்கு நீராவி லைனும் அடித்தளமும் விட்டு வைக்கிறோம். உள்விட்டம் 1500, நேர்ச்சுவர் 1500, 316எல் 8 மி.மீ., ஜாக்கெட் 304, வடிவமைப்பு அழுத்தம் 2 பார், ஓட்டுவது 1.5. ஆங்கர், டெஃப்லான் சுரண்டி, 5.5 கிலோவாட், விஎஃப்டி. அடியில் 100 மி.மீ. ஃபிளஷ் பாட்டம் வால்வு. உப்பு கரைக்கத் தனித் தொட்டி. சாம்பிளோடு ஆய்வு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிவிட்டேன், பதில் பார்த்துத்தான் தகடு ஆர்டர்.

மூன்று பட்டறைக்கும் இதே விவரத்தை அனுப்பி, கிலோ ரேட் இல்லாமல் வரைபடத்தோடு மொத்த விலை கேட்டிருக்கிறேன். கூடவே ஆக்சிஜன் மீட்டர் இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறேன். ஒருவர் மட்டும் இதுவரை பதில் சொல்லியிருக்கிறார், மீட்டரோடு புளோயரும் இருக்கிறதாம், வந்து பார்க்கச் சொன்னார். திருமயம் அண்ணே, வரைபடம் வந்ததும் இங்கே போடுகிறேன், ஜாக்கெட் மூடும் வளையத்தையும் நாசில்களையும் (குழாய் இணைப்பு வாய்கள்) ஒரு தடவை பார்த்துச் சொல்ல முடியுமா?

திருமயம் ஃபேப்ரிகேஷன்

போடுங்கள், பார்க்கிறேன். டிஷ் எண்டின் வளைவு ஆரத்தையும் வெல்டு விவரப் படத்தையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள், அவை இல்லாத வரைபடத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது.